செல்ஃப் எடுக்கவில்லையா? சத்தத்தைக் கேளுங்கள்!

கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-உடன் முடிகிறது. 61 நாள் சும்மா கிடந்த இன்ஜின்களை எழுப்பும் நேரம். அதனால் இந்த இதழ் முழுக்கப் படகு இன்ஜின் கேள்விகள்தான்.

● விசைப்படகு உரிமையாளர், நாகப்பட்டினம்
இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை. முதலில் எதைக் கழற்றிப் பார்ப்பது?

எதையும் கழற்றாதீர்கள். முதலில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இன்ஜின் சுற்றுகிறதா, சுற்றவில்லையா? சுற்றவே இல்லை என்றால் பெரும்பாலும் அது கரண்ட் கோளாறு. பேட்டரி, கேபிள், சுவிட்ச், செல்ஃப் மோட்டார் என்று அந்த வழியில் தேடுங்கள். நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் கோளாறு எண்ணெயிலோ காற்றிலோ இருக்கிறது. பெட்ரோல் இன்ஜின் என்றால் ஸ்பார்க்கிலும் இருக்கலாம். இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. செல்ஃப் சுற்றாத படகில் டீசல் ஃபில்டரைக் கழற்றுகிறவர்களையும், ஜோராகச் சுற்றும் இன்ஜினுக்குப் புது பேட்டரி வாங்குகிறவர்களையும் எந்தத் துறைமுகத்திலும் பார்க்கலாம். காசும் போகும், தொழிலுக்குப் போக வேண்டிய நாளும் போகும்.

● ஃபைபர் படகு மீனவர், தரங்கம்பாடி
சாவியைத் திருகினால் சத்தமே இல்லை. ஒரு ‘டிக்’ கூட இல்லை அண்ணே!

முதலில் கியரைப் பாருங்கள். நியூட்ரலில் இல்லாவிட்டால் செல்ஃபுக்குக் கரண்ட் போகாதபடி பல இன்ஜின்களில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். லீவரை நியூட்ரலில் முன்னும் பின்னும் லேசாக ஆட்டியபடி சாவியைத் திருகுங்கள். ஏதாவது ஓர் இடத்தில் செல்ஃப் எடுத்தால் கோளாறு அந்தச் சுவிட்சில்தான். அடுத்து பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச், அதற்கடுத்து ஃபியூஸ். இந்த மூன்றையும் பார்க்க ஸ்பானரே வேண்டாம்.

● ராமேஸ்வரம்
‘டிக்’ என்று ஒரு தடவை சத்தம் வருவதற்கும் ‘டிக்டிக்டிக்டிக்’ என்று வருவதற்கும் என்ன வித்தியாசம்?

நிறைய வித்தியாசம். படபடவென்று தொடர்ந்து அடித்தால் சாலினாய்டை இழுக்கும் அளவுக்குக் கரண்ட் இருக்கிறது, மோட்டாரைச் சுற்றும் அளவுக்கு இல்லை. பேட்டரி இறங்கியிருக்கும், அல்லது டெர்மினலில் உப்புப் பூத்திருக்கும். கனமாக ஒரே ஒரு ‘டொக்’ கேட்டு அதோடு நின்றால் சாலினாய்டு தன் வேலையைச் செய்துவிட்டது. அதற்கு அப்பால் செல்ஃப் மோட்டார் தேய்ந்திருக்கலாம், அதன் பல் ஃப்ளைவீலில் மாட்டிக்கொண்டிருக்கலாம், இல்லையென்றால் இன்ஜினே இறுகியிருக்கலாம். அந்தக் கடைசிச் சந்தேகம் வந்தால் சாவியை விட்டுவிட்டு, புல்லியைக் கையாலோ பெரிய ஸ்பானராலோ ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள்.

இதில் விளக்கும் நல்ல சாட்சி. படகில் ஒரு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருகுங்கள். விளக்கு மங்காமல் அப்படியே எரிந்தால் கரண்ட் செல்ஃப் வரைக்கும் போகவே இல்லை. சுவிட்ச், ஃபியூஸ், சிறிய வயர் பக்கம் போங்கள். மெல்ல மங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது மோட்டார் சுற்ற முடியாமல் திணறுகிறது. பட்டென்று அணைந்தே போனால் ஏதோ ஓர் இணைப்பு பெயருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

● தூத்துக்குடி
மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். பேட்டரி 12.6 வோல்ட் காட்டுகிறது. ஆனாலும் செல்ஃப் எடுக்கவில்லை. மீட்டர் பொய் சொல்கிறதா?

மீட்டர் உண்மைதான் சொல்கிறது, ஆனால் நீங்கள் கேட்டது பாதிக் கேள்வி. சும்மா இருக்கும் பேட்டரி 12.6 காட்டினால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் இறங்கிவிட்டது என்று அர்த்தம். (24 வோல்ட் படகென்றால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.) ஆனால் செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அந்தச் சுமையைத் தாங்குகிறதா என்பதுதான் பேட்டரிக்கு வைக்க வேண்டிய சோதனை. ஒருவர் சாவியைத் திருக, இன்னொருவர் பேட்டரியின் ஈயக் கம்பங்களிலேயே மீட்டர் முனைகளை வைத்துப் பார்க்கட்டும். 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரி சார்ஜ் இல்லாமல் இருக்கிறது, அல்லது உள்ளே ஒரு செல் போய்விட்டது.

சரியவில்லையா? அப்படியானால் கரண்ட் வழியில் தொலைகிறது. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி கம்பத்திலும் மறுமுனையை அதே கம்பத்தில் மாட்டிய கேபிளின் கிளாம்பிலும் வைத்து, செல்ஃபைச் சுற்றச் சொல்லுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகத்துக்கு நடுவே மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம்தான் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அங்கேதான் திருடன் இருக்கிறான். இதே சோதனையைக் கேபிளின் அடுத்த முனை, கட்-ஆஃப் சுவிட்ச், சாலினாய்டின் இரண்டு போல்ட் என்று வரிசையாகச் செய்துகொண்டு போங்கள். எர்த் கேபிளை மட்டும் மறந்துவிடாதீர்கள். பாசிட்டிவ் பக்கத்தைப் பளபளவென்று தேய்த்து வைத்துவிட்டு, இன்ஜின் பிளாக்கில் துருப்பிடித்துக் கிடக்கும் எர்த் போல்ட்டை எட்டிக்கூடப் பார்க்காதவர்கள்தான் அதிகம்.

மீட்டர் இல்லையென்றாலும் வழி இருக்கிறது. பத்து வினாடி செல்ஃபைச் சுற்ற முயன்றுவிட்டு, சாவியை அணைத்து, ஒவ்வோர் இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். எது சுடுகிறதோ அதைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கிரீஸ் மேலேதான், இணைப்புக்கு உள்ளே இல்லை.

● கடலூர்
ஸ்க்ரூ டிரைவரை செல்ஃப் மோட்டாரின் இரண்டு போல்ட்டுக்கும் நடுவில் வைத்துச் சுற்ற வைக்கிறார்கள். செய்யலாமா?

டீசல் இன்ஜின், நன்றாகக் காற்றோட்டம் உள்ள இன்ஜின் அறை, கியர் நியூட்ரலில் இருப்பதை நீங்களே கையால் தொட்டுப் பார்த்தாயிற்று: இந்த மூன்றும் இருந்தால் அவசரத்துக்குச் செய்யலாம். இதில் நியூட்ரல் சுவிட்சைத் தாண்டிப் போகிறீர்கள். கியரில் கிடந்தால் படகு பாயும். அணியத்தில் நிற்பவர் கடலில் விழுவார். பெட்ரோல் இன்ஜின் என்றால் செய்யவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். படகின் அடித்தளத்தில் தங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும்.

● மல்லிப்பட்டினம்
செல்ஃபை எவ்வளவு நேரம் தொடர்ந்து சுற்றலாம்?

பத்து வினாடி. பிறகு ஒரு நிமிடமாவது ஓய்வு. மூன்று தடவை சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் நான்காவது தடவையும் பிடிக்காது. காரணத்தைத் தேடுங்கள், பேட்டரியை மிச்சம் வையுங்கள்.

● விசைப்படகு டிரைவர், மண்டபம்
டீசல் இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை. எங்கே ஆரம்பிப்பது?

புகைபோக்கியைப் பாருங்கள். சுற்றும்போது புகையே வரவில்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை. கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை. ஏர் கிளீனரில் துணி, எண்ணெய்ப் பிசுக்கு, சில சமயம் எலிக்கூடு கூட இருக்கும்.

புகையே இல்லாத நிலையில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டாப் கம்பி. நேற்று இன்ஜினை அணைக்க இழுத்த குமிழ் உள்ளே திரும்பாமல் அப்படியே நிற்கிறதா? பம்பில் உள்ள லீவரைக் கையால் தள்ளிப் பாருங்கள். உப்புக் காற்றில் அந்தக் கேபிள் இறுகிப்போவது சாதாரணம். ஸ்டாப் சாலினாய்டு உள்ள இன்ஜினாக இருந்தால் சாவியைப் போடும்போது அது ‘டக்’ என்று இழுக்கிறதா என்று கேளுங்கள். பிறகு டேங்க் வால்வு. பிறகு ஃபில்டர். பிறகுதான் ஏர்.

வெள்ளைப் புகை வருகிறது என்றால் சுற்றும் வேகத்தை முதலில் சந்தேகப்படுங்கள். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டிலேயே எரிய வேண்டும். மெதுவாகச் சுற்றினால் அழுத்தும் நேரத்திலேயே சூடு சிலிண்டர் சுவர் வழியாகப் போய்விடும், காற்றும் பிஸ்டன் ரிங் வழியாகக் கசிந்துவிடும். அதனால் ‘சுற்றுகிறது’ என்பது மட்டும் போதாது, வழக்கமான வேகத்தில் சுற்றுகிறதா என்று உங்கள் காது சொல்ல வேண்டும். வேகமாகச் சுற்றியும் வெள்ளைப் புகைதான் என்றால் டீசலில் தண்ணீர், நாசில் கோளாறு, தேய்ந்த கம்ப்ரஷன் ஆகியவற்றில் ஒன்று.

● காசிமேடு, சென்னை
ஃபில்டர் மாற்றியதிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை. ஏர் பிடித்துவிட்டது என்கிறார்கள். நானே எடுக்க முடியுமா?

கட்டாயம் முடியும். கடலுக்குப் போகிற ஒவ்வொருவரும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை இது. டேங்கிலிருந்து நாசில் வரைக்கும் டீசல் போகும் திசையிலேயே நீங்களும் போக வேண்டும். டேங்க் வால்வைத் திறந்து, ஃபில்டர் தலையில் உள்ள ஏர் ஸ்க்ரூவை இரண்டு சுற்று தளர்த்துங்கள். ஹேண்ட் பிரைமரை அடியுங்கள். முதலில் நுரை வரும். நுரை போய்த் தெளிவான டீசல் வழியும்போது, பிரைமரை அமுக்கியபடியே ஸ்க்ரூவை இறுக்குங்கள். அடுத்து பம்பில் உள்ள ஏர் ஸ்க்ரூவுக்கும் அதேபோல். பெரும்பாலான இன்ஜின்கள் இத்துடனேயே பிடித்துவிடும். பிடிக்காவிட்டால் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃபைச் சுற்றி, டீசல் பீறிட்டதும் இறுக்குங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நாசிலில் டீசல் சுமார் 200 பார் அழுத்தத்தில் வருகிறது. கார் டயரில் இருப்பது 2 பார் சொச்சம்தான். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஊசி குத்திய அடையாளம் மட்டும் தெரியும், உள்ளே சதை அழுகத் தொடங்கும், விரலையே எடுக்க வேண்டிவரும். கசிவைத் தேட விரலை நீட்டாதீர்கள், ஓர் அட்டைத் துண்டை நீட்டுங்கள். பட்டுவிட்டால் வலி இல்லையென்றாலும் உடனே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். ‘காமன் ரெயில்’ வகை புது இன்ஜின்களில் அழுத்தம் ஆயிரம் பாரையும் தாண்டும். அவற்றில் நாசில் பைப்பைத் தளர்த்தவே கூடாது.

● அதே காசிமேடு வாசகர்
ஏர் எடுத்தால் ஓடுகிறது, மறுநாள் மறுபடியும் பிடித்துக்கொள்கிறது. டீசல் எங்கேயும் சொட்டவில்லையே?

சொட்டாததுதான் அடையாளம். டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் டீசல் உறிஞ்சப்பட்டுப் போகிறது. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒருமுறை நசுங்கிய செப்பு வாஷரைத் திரும்பப் போட்டிருப்பார்கள், அல்லது ரப்பர் ஹோஸ் கிளாம்புக்குக் கீழே வெடித்திருக்கும். புது வாஷரின் விலையைச் சொல்லவே வேண்டாம், ஒரு டீயைவிடக் குறைவு.

● ஜெகதாப்பட்டினம்
அடுத்த தடைக்காலத்துக்காவது சரியாக நிறுத்தி வைக்க வேண்டும். என்ன செய்யலாம்?

ஏப்ரல் 15-க்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி. அடுத்த ஆண்டுக்கென்று இப்போதே கேட்டதில் மகிழ்ச்சி. டேங்கை நிரப்பி வையுங்கள். பாதி டேங்கில் இருக்கும் ஈரக் காற்று இரவில் குளிர்ந்து தண்ணீராக டீசலுக்கு அடியில் இறங்கும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்புச் சளியாகி ஃபில்டரை அடைக்கும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். சும்மா கிடந்தாலும் பேட்டரி இறங்கும், கோடை வெயிலில் இன்னும் வேகமாக இறங்கும். இறங்கிய நிலையிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகி, பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது. வாரம் ஒருமுறை ஸ்டாப் குமிழை இழுத்துவிட்டு, இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள்.

தடை முடிந்த பிறகு முதல் வேலை, வாட்டர் செபரேட்டரின் அடித் திருகைத் திறந்து கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பார்ப்பது. தண்ணீர் அடியில் தனியாகத் தெரியும். தெளிவான டீசல் வரும்வரை வடியுங்கள். சாவி அதற்குப் பிறகு.

● ஃபைபர் படகு மீனவர், கோவளம்
அவுட்போர்டு இன்ஜினில் கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை போய்விட்டது.

தோளை விட்டுவிட்டு, கில் சுவிட்ச் கிளிப் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சிவப்புக் கயிற்றின் கிளிப் கழன்றிருந்தால் இன்ஜின் சுற்றும், ஸ்பார்க் மட்டும் வராது. அடுத்தது டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு. அது மூடியிருந்தால் ஸ்டார்ட் ஆகிச் சில நிமிடம் ஓடும், டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி நின்றுவிடும். அதற்கும் அடுத்து ஹோஸில் உள்ள ரப்பர் குமிழ்: அதன் மேல் போட்டிருக்கும் அம்புக்குறி இன்ஜினைப் பார்த்திருக்க வேண்டும், அமுக்கினால் கல்லாக இறுக வேண்டும். எவ்வளவு அமுக்கியும் இறுகாவிட்டால் டேங்க் பக்கம் எங்கேயோ காற்று இழுக்கிறது.

இத்தனையும் சரியா? பிளக்கைக் கழற்றுங்கள். ஈரமாக வந்தால் எண்ணெய் வருகிறது, ஸ்பார்க் இல்லை அல்லது எண்ணெய் மூழ்கடித்துவிட்டது. காய்ந்து வந்தால் எண்ணெயே வரவில்லை. வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, கயிறு இழுப்பதை நிறுத்துங்கள். ஸ்பார்க் பார்க்க, பிளக்கைக் கேப்பில் மாட்டி, உலோக உடம்பு இன்ஜினைத் தொடும்படி இன்சுலேஷன் போட்ட பிளையரால் பிடியுங்கள். பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும்.

● பெரியதாழை
எண்ணெய் மூழ்கடித்துவிட்டது என்றால் என்ன பண்ணுவது?

சோக்கை முழுக்கத் திறந்துவிட்டு, த்ராட்டிலையும் முழுக்கத் திறந்து, ரப்பர் குமிழைத் தொடாமல் ஐந்தாறு தடவை இழுங்கள். பிடித்ததும் த்ராட்டிலைச் சட்டென்று குறைக்க வேண்டும். பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றி, துடைத்து, வெயிலில் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடம் உங்கள் தோளுக்கும் நல்லது.

● கன்னியாகுமரி மாவட்டம்
எங்களுடையது மண்ணெண்ணெய் இன்ஜின். மாலையில் நன்றாக ஓடி வந்தது, விடியற்காலை கிளம்ப மறுக்கிறது. தினமும் இதே கதை.

காலைக் கோளாறின் காரணம் முந்தின மாலையில் இருக்கிறது. மண்ணெண்ணெய் குளிர்ந்த இன்ஜினில் சரியாக ஆவியாகாது. அதனால்தான் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுகிறோம். அதேபோல் அணைப்பதற்குச் சில நிமிடம் முன்பே பெட்ரோலுக்குத் திரும்பிவிட வேண்டும். கரை கண்ணுக்குத் தெரிந்த அவசரத்தில் மண்ணெண்ணெயிலேயே அணைத்தால் கார்புரேட்டர் கிண்ணம் நிறைய மண்ணெண்ணெய் தங்கிவிடும். காலையில் டேங்கில் பெட்ரோல் திறந்திருந்தாலும் இன்ஜின் முதலில் குடிப்பது அந்தக் கிண்ணத்தில் இருப்பதைத்தான். இன்றைக்குக் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து வடித்துவிடுங்கள். நாளையிலிருந்து அலைவாயைத் தாண்டுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்.

● புதுச்சேரி
20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் படகுக்கு ஆகுமா?

2025-இல் நாடு முழுக்க அந்தக் கலவைதான் வந்துவிட்டது, எனவே அதோடு வாழப் பழகத்தான் வேண்டும். எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். கடற்கரையில் அதற்குப் பஞ்சமே இல்லை. அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடிக்குப் போய்விடும். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் இது இரட்டை ஆபத்து: நீங்கள் ஊற்றிய 2டி ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும், இன்ஜின் அடியிலிருந்து உறிஞ்சுவதில் ஆயிலே இருக்காது. தேவைக்கு மட்டும் வாங்குங்கள். வாரக்கணக்கில் கேனில் சேமிக்காதீர்கள். படகை நிறுத்தி வைக்கும்போது கார்புரேட்டரை வடித்துவிடுங்கள். பழைய ரப்பர் ஹோஸ் உப்பி மெத்தென்று ஆகியிருந்தால் எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள்.

● வேதாரண்யம்
ஈதர் ஸ்ப்ரே அடித்தால் உடனே பிடிக்கிறதே?

பிடிக்கும், பிறகு பிஸ்டனை உடைக்கும். காற்றைச் சூடாக்கும் ஹீட்டரோ குளோ பிளக்கோ உள்ள டீசலில் அடித்தால் முகத்திலேயே வெடிக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிடும். நம் ஊர் வெப்பத்தில் ஈதர் இல்லாமல் பிடிக்காத இன்ஜினுக்குத் தேவை வைத்தியம்.

● சுற்றுலாப் படகு ஓட்டுநர்
எங்கள் படகில் கடல்நீர் எக்ஸாஸ்ட் வழியாக வெளியேறும் வகை இன்ஜின். நெடுநேரம் செல்ஃப் அடித்தோம். திடீரென்று ‘டொக்’ என்று நின்றுவிட்டது, இப்போது அசையவே இல்லை.

சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் கடல்நீர் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். இன்ஜின் சுற்றும்போதெல்லாம் கடல்நீர் பம்பும் சுற்றுகிறது, தண்ணீரை எக்ஸாஸ்ட் பெட்டிக்குள் தள்ளுகிறது. இன்ஜின் ஓடினால் புகையின் வேகம் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். ஓடாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பெட்டி நிரம்பி, தண்ணீர் பின்வாங்கி எக்ஸாஸ்ட் வால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீரை எந்தப் பிஸ்டனாலும் அமுக்க முடியாது. மேலும் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும்.

இன்றே நாசில்களைக் கழற்றிவிட்டு இன்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் ஆயிலை முழுக்க மாற்ற வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போட்டாலும் சிலிண்டர் துருப்பிடிக்கும். இனிமேல் சில முயற்சியில் பிடிக்காவிட்டால் கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுற்றுங்கள். பிடித்த நொடியே திறந்துவிடுங்கள், இல்லையென்றால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் கருகிவிடும். வால்வு மூடியிருக்கிறது என்று ஓர் அட்டையில் எழுதிச் சாவியில் தொங்கவிடுவது நல்ல பழக்கம்.

● தேவனாம்பட்டினம்
அலைவாயில் படகு கவிழ்ந்து அவுட்போர்டு மூழ்கிவிட்டது. மறுநாள் மெக்கானிக் வரும்வரை காய வைத்திருக்கிறோம். சரிதானே?

காய வைத்ததுதான் தவறு. உப்புத் தண்ணீரில் மூழ்கியதைவிட, உப்புத் தண்ணீரோடு காற்றுபட்டதும்தான் அரிப்பு வேகமெடுக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க மணலும் உப்புமாக இன்ஜின்கள் கிடந்தன; அந்தக் காலத்தில் வேலை செய்த மெக்கானிக்குகளைக் கேட்டால் தெரியும், முதல் சில மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்று. தூக்கியதும் நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் கழுவுங்கள். பிளக்குகளைக் கழற்றி, துவாரம் கீழே பார்க்கும்படி சாய்த்து, கயிற்றை மெதுவாக இழுத்துத் தண்ணீரை வெளியேற்றுங்கள். இழுக்கும்போது தடுத்தாலோ மணல் நறநறத்தாலோ நிறுத்திவிடுங்கள். கார்புரேட்டரையும் டேங்கையும் வடித்துப் புது எண்ணெய் ஊற்றி, சிலிண்டருக்குள் ஆயில் விட்டு, ஸ்டார்ட் செய்து அரை மணி நேரமாவது ஓடவிட வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் இதெல்லாம் முடியாது என்றால் ஒரு டிரம் நல்ல தண்ணீரில் இன்ஜினை முழுசாக மூழ்க வைத்து, அப்படியே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் அதுதான் காப்பாற்றும்.

● பள்ளி மாணவர், நாகூர்
அவுட்போர்டு இன்ஜினைக் கண்டுபிடித்தவர் யார்?

ஒருவர் மட்டும் இல்லை தம்பி, பலர் முயன்றார்கள். ஆனால் பெரிய அளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் விஸ்கான்சினில் வளர்ந்த ஓலே எவின்ரூட். 1909-இல் அவர் விற்ற இன்ஜினின் சக்தி ஒன்றரைக் குதிரைத் திறன், எடை சுமார் 28 கிலோ. நம் கரைக்கு மீன்பிடி விசைப்படகுகள் வந்த கதையிலும் நார்வே உண்டு: 1952-இல் கையெழுத்தாகி, அடுத்த ஆண்டு கொல்லம் அருகே நீண்டகரையில் தொடங்கிய இந்திய-நார்வே திட்டம்தான் தென்னிந்தியாவில் பாய்மரப் படகிலிருந்து இன்ஜினுக்கு மாறுவதற்கு வழி திறந்தவற்றில் முக்கியமானது. டீசல் இன்ஜினைக் கண்டுபிடித்த ருடால்ஃப் டீசல் 1913 செப்டம்பரில் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது இரவில் காணாமல்போனார். பிறகு அவர் உடல் கடலில்தான் கிடைத்தது.

● வள்ளம் ஓட்டுபவர், தொண்டி
கைப்பிடி போட்டுச் சுற்றும் ஒற்றை சிலிண்டர் டீசல். திருப்பி அடித்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. எப்படிப் பிடிக்க வேண்டும்?

விரைவில் குணமாகட்டும். கட்டைவிரலைக் கைப்பிடியைச் சுற்றி வளைக்காதீர்கள், மற்ற நான்கு விரலோடு ஒரே பக்கத்தில் வையுங்கள். இன்ஜின் திருப்பி அடித்தால் பிடி கையிலிருந்து நழுவிப் போய்விடும். டீகம்ப்ரஷன் லீவரைத் தூக்கிவிட்டு நல்ல வேகம் வந்தபிறகே அதை விடுங்கள். அரை வேகத்தில் விட்டால்தான் திருப்பி அடிக்கும். இந்தக் கைப்பிடி கார்களிலும் எத்தனையோ கைகளை முறித்தது. சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய செல்ஃப் ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் காரில் வந்த பிறகுதான் அந்தக் கொடுமை குறையத் தொடங்கியது.

● ராமநாதபுரம் மாவட்டம்
நடுக்கடலில் இன்ஜின் நின்றுவிட்டால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

நங்கூரத்தை. இன்ஜின் அப்புறம். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், பெரும்பாலான இடத்தில் நங்கூரம் பிடிக்கும். ஆழத்தைப்போல் ஐந்து மடங்காவது கயிறு விடுங்கள். கச்சான் காற்றில் மிதந்தால் 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் வகுத்த கடல் எல்லையை ஓர் இரவுக்குள் தாண்டிவிடலாம். இன்ஜின் பழுதாகித்தான் வந்தோம் என்பதை அதற்குப் பிறகு யாரிடமெல்லாம் சொல்ல வேண்டிவரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நங்கூரம் எட்டாத ஆழமென்றால் வலையையோ வாளிகளையோ கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து இறக்குங்கள். படகு அலைக்கு முகம் கொடுத்து நிற்கும், மிதக்கும் வேகமும் குறையும்.

இரண்டாவது, தகவல். வி.எச்.எஃப் சேனல் 16-இல் பக்கத்துப் படகைக் கூப்பிடுங்கள், இடத்தைச் சொல்லுங்கள். சிக்னல் இருந்தால் கடலோரக் காவல் படைக்கு 1554. இதையெல்லாம் செல்ஃப் அடிப்பதற்கு முன்பே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு: பல படகுகளில் வயர்லெஸ்ஸும் விளக்கும் ஓடுவது அதே பேட்டரியில்தான். இன்ஜினோடு மல்லுக்கட்டி அதைக் காலி செய்தால் இருட்டில் ஊமையாக மிதப்பீர்கள். வசதி இருந்தால் வயர்லெஸ்ஸுக்குத் தனி பேட்டரி வையுங்கள். படகில் வாங்கும் எல்லாப் பொருளிலும் அதைத்தான் நான் முதலில் வாங்கச் சொல்வேன்.

● மீனவரின் மனைவி, பாம்பன்
அவர் வரவேண்டிய நேரம் தாண்டினால் கரையில் நான் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்ய முடியும் சகோதரி. கிளம்பும்போதே நான்கு விஷயத்தைக் கேட்டு எழுதி வையுங்கள்: படகின் பதிவு எண், நிறம், எந்தத் திசையில் எவ்வளவு தூரம், எப்போது திரும்புவார். கூடப் போகும் படகுக்காரர் ஒருவரின் எண்ணும் வேண்டும். நேரம் தாண்டினால் ஊர்ச் சங்கத்துக்குச் சொல்லுங்கள். அதே சமயத்தில் 1554-க்கோ, தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-க்கோ பேசுங்கள். வந்துவிடுவார் என்று விடியும்வரை காத்திருக்க வேண்டாம். தேடும் பரப்பு ஒவ்வொரு மணி நேரமும் விரிந்துகொண்டே போகும். வந்துவிட்டால் இன்னொரு தடவை போன் செய்து சொல்லிவிட்டால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

● அக்கரைப்பேட்டை
மெக்கானிக்குக்குப் போன் செய்தால் ‘வந்து பார்க்கிறேன்’ என்கிறார், வந்தால் சாமான் எடுத்துவரத் திரும்பப் போகிறார். அரை நாள் போய்விடுகிறது.

அவருக்கு நீங்கள் சொன்னது ‘இன்ஜின் ஓடவில்லை’ என்பது மட்டுமாக இருந்திருக்கும். சுற்றுகிறதா, என்ன சத்தம், புகை உண்டா, என்ன நிறம், கடைசியாக எந்த வேலை பார்த்தது, நின்றபோது மெல்ல இறங்கி நின்றதா பட்டென்று நின்றதா என்று சொல்லுங்கள். மெல்ல இறங்கினால் எண்ணெய்ப் பக்கம், பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம் என்று அவரே பாதி ஊகித்துவிடுவார். செல்ஃப் அடிக்கும்போது பத்து வினாடி வீடியோ எடுத்து அனுப்புங்கள். இன்ஜினின் எண் தகட்டையும் செல்ஃப் மோட்டாரின் தகட்டையும் தெளிவாகப் படம் பிடித்து அனுப்புங்கள். செல்ஃப் மோட்டாரின் பல் எண்ணிக்கை மாடலுக்கு மாடல் மாறும். தகடு தெரிந்தால் சரியான சாமானோடு முதல் தடவையே வந்துவிடுவார்.